பெரிய கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன், எனக்குக் கண்ணாடி விற்று ஏமாற்றிய ஆள் அடுத்தவரிடம் போய்விடுவார். என் பாதி மாதச் சம்பளம் போய்விட்டது. கண்ணாடி என்று சொல்லி அனுப்பியது கண்ணாடியே இல்லை.

என் வீட்டுக் கூடம் சின்னது. ஜன்னல் ஒன்றே ஒன்று. அதற்கு எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்தால் ஜன்னல் இரண்டாகத் தெரியும், வெளிச்சம் மறுபடி அறைக்குள் விழும், சுவர் நிற்கிற இடத்தைத் தாண்டி இன்னொரு கூடம் இருப்பது போலத் தோன்றும். நல்ல யோசனைதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சட்டம் போட்ட பெரிய கண்ணாடிக்குக் கடைகளில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. அப்படித் தேடும்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. சமூக வலைத்தளத்தில் வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் பக்கம், பெயர் வேண்டாம். 6 அடிக்கு 3 அடி, 5 மில்லிமீட்டர் தடிமன், அசல் கண்ணாடி என்று போட்டிருந்தார்கள்.

விசாரித்தேன். உடனே பதில் வந்தது. "அக்கா, அவசரப்பட வேண்டாம். உங்க சுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, கண்ணாடி வெச்சா எப்படி இருக்கும்னு நானே போட்டுக் காட்டுறேன். பிடிச்சா வாங்குங்க." அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் என் சுவர் திரும்பி வந்தது, நடுவில் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு. கூடம் அப்படியே திறந்துகொண்டது போல இருந்தது. என் அம்மாவிடம் காட்டினேன், அவரும் வாய் திறந்து பார்த்தார். விற்கிறவன் இவ்வளவு மெனக்கெடுகிறானே, இவனை நம்பாமல் யாரை நம்புவது என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த நம்பிக்கையைத்தான் அவர் விற்றார். இப்போது அதே படத்தை எடுத்துப் பார்க்கிறேன். அந்தக் கண்ணாடிக்குள் தெரிவது என் ஜன்னலே இல்லை! வேறு யாருடைய வீட்டுப் பெரிய கூடத்தையோ வெட்டி அதற்குள் ஒட்டியிருக்கிறார்.

"உடையுற பொருள்க்கா, வீட்டுக்கு வந்தப்புறம் பணம்னா கம்பெனி ஒத்துக்காது" என்றார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். பாதி மாதச் சம்பளம்.

பொட்டலத்தைக் கொண்டுவந்த பையன் ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ இருக்கும். அவர் சொன்ன அளவுக்குக் கணக்குப் போட்டால் சட்டம் இல்லாமலே சுமார் 21 கிலோ வரவேண்டும். அதை ஒரே கையில் தூக்கி மாடி ஏற முடியாது. பிரித்தால், மெல்லிய பலகையில் ஒட்டிய அக்ரிலிக் தகடு, அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பிளாஸ்டிக். தட்டினால் கண்ணாடிக்குரிய கணீர் சத்தம் இல்லை, தொட்டால் அந்தக் குளிர்ச்சியும் இல்லை. கிட்டத்தில் நின்றால் முகம் ஓரளவு சரியாகத்தான் தெரிகிறது. நாலு அடி பின்னால் போனால் பொருட்காட்சிக் கோணல் கண்ணாடி மாதிரி கதவு நிலை வளைகிறது, ஜன்னல் கம்பிகள் நெளிகின்றன. அறையைப் பெரிதாகக் காட்டத்தான் கண்ணாடி வாங்குகிறோம். நேர்க்கோடு நேராகத் தெரியாவிட்டால் அறை எப்படிப் பெரிதாகத் தெரியும்? பார்க்கப் பார்க்கத் தலைதான் சுற்றுகிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிகிறது. முதலில் "மேல இருக்கிற பாதுகாப்புத் தாளை உரிச்சீங்களா?" என்றார். உரித்தாயிற்று. "உங்க சுவர் சமமா இல்லக்கா." தரையில் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். "கண் பழகிடும், ரெண்டு நாள் பாருங்க." அக்ரிலிக் என்று நேராகக் கேட்டதும் அக்கா மேடமாகிவிட்டது. "மேடம், இது உடையாத கண்ணாடி, இன்னும் உசத்தி." சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பொட்டலம் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார். அதுவும் இருந்தது, அனுப்பினேன். அதில் முகவரிச் சீட்டு தெளிவாகத் தெரியவில்லையாம்! திருப்பி அனுப்பும் செலவு என்னுடையதாம், வழியில் கீறல் விழுந்தால் பணம் கிடையாதாம். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

வலைத்தளத்தில் புகார் கொடுத்தேன். எங்கள் விதிகளை மீறியதாகத் தெரியவில்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் எப்படித் திரும்ப எடுப்பது என்கிறார்கள். பாதி மாதச் சம்பளம், யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

எப்படி வாங்குவது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கண்ணாடியின் எடையைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணக் கண்ணாடியின் ஓரம் லேசாகப் பச்சையாக இருக்கும். தள்ளி நின்று கதவோ தரையின் கட்டங்களோ கண்ணாடியில் தெரியும்படி வீடியோ கேளுங்கள். உங்கள் சுவரில் ஒட்டிக் காட்டும் படத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. இணையமே வேண்டாம் என்றால், கண்ணாடி அறுத்துத் தரும் கடையில் சட்டமில்லாமல் அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து வாங்கலாம், சட்டத்தின் செலவு மிச்சம். பழைய பீரோக் கண்ணாடி கிடைத்தாலும் நல்லதுதான், ஓரங்களில் ரசம் கறுத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுவரில் ஒட்டுவதானால் வினிகர் மாதிரிப் புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் பசை வேண்டாம், பின்பக்க ரசத்தை அரித்துவிடும்.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே கறுப்புச் சட்டக் கண்ணாடி, அதே படங்கள், வேறொரு பக்கப் பெயரில் விளம்பரமாக வந்தது. கீழே ஒரு பெண் தன் வீட்டுச் சுவர்ப் படத்தை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை. உங்களுக்கும் அந்த விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள்.