கடலோர வீட்டில் கைப்பிடி, சாய்தளம் போடுகிறீர்களா? மூடியைக் கழற்றிப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்

ஓய்வுக்காலத்தைக் கடல் பக்கத்து வீட்டிலேயே கழிக்கலாம் என்று முடிவு செய்து, குளியலறைக் கைப்பிடி, வாசலில் சாய்தளம், படியேறும் நாற்காலி என்று வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டில், வயதான தம்பதிக்காக, எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தார்கள். ஒப்படைத்த அன்று எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. பதினான்காவது மாதம், கழிப்பறையில் பெரியவர் எழுந்திருக்கப் பிடித்தபோது கைப்பிடியின் ஒரு முனை சுவரிலிருந்து கையோடு வந்துவிட்டது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே சரிந்ததால் எலும்பு முறியவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் தெரியவந்தவைதான் கீழே இருப்பவை. இதே தப்புகளை வேறு பல வேலைகளிலும் பார்த்தாகிவிட்டது என்பதால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கைப்பிடி. குழாயின் முனையில் சுவரோடு ஒட்டியிருக்கும் வட்டமான அலங்கார மூடியைத் திருகி விலக்கினால் உள்ளே தகடும் மூன்று திருகுகளும் தெரியும். இந்த வீட்டில் மூடியை விலக்கியதும் பழுப்புத் தூள் கொட்டியது. ஒரு திருகின் தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியதும் தலை தனியாக உதிர்ந்தது. இன்னொன்று பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தத் திருகின் நீளம் 35 மிமீ. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தகடு 3, டைல் 8, அதன் பின்னால் பசை 5, சிமெண்ட் பூச்சு 12. ஆக 28 போய்விட்டது. செங்கல்லுக்குள் போனது வெறும் 7 மிமீ. ஒரு ஆளின் எடையைப் பூச்சும் டைலும்தான் 14 மாதம் தாங்கிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவின் ஏடிஏ (மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம்) அளவுகளின்படி கைப்பிடியும் அதைப் பிடித்திருக்கும் திருகும் சுவரும் 250 பவுண்டு விசையை, அதாவது ஏறத்தாழ 113 கிலோவின் இழுப்பைத் தாங்க வேண்டும். குழாய் எத்தனை தடிமனாக இருந்தாலும் திருகு பிடித்திருக்கும் இடம் பூச்சு என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பூச்சைத் தாண்டி, திடமான செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ குறைந்தது 50 மிமீ உள்ளே போக வேண்டும். அப்படியானால் மொத்தத் திருகு நீளம் 80 மிமீக்குக் குறையக் கூடாது. ஹாலோ பிளாக் சுவர் என்றால் இதுவும் உதவாது. டிரில் பிட் 'லொடக்' என்று திடீரென உள்ளே போனால் வெற்றிடத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள். அங்கே சாதாரண பிளக்கைத் தட்டி இறக்கிவிட்டுப் போவதுதான் வழக்கமான ஏமாற்று. சல்லடைக் குழல் செருகி, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் இறுகித் திருகைப் பிடிக்கும் பசை) விட்டு, அது இறுகும் வரை காத்திருந்துதான் மாட்ட வேண்டும். துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்யாமல் பசையை விட்டால் அது தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. இதற்கு ஒரு துளைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். அவ்வளவுதான் செலவு, அதையும் மிச்சம் பிடிப்பார்கள்.

இனி உலோகம். பில்லில் '316 கிரேடு' ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இருந்தது. பொருத்த வந்தவர் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து, "ஒட்டுதா பாருங்க சார், அசல் சரக்கு" என்று காட்டியிருக்கிறார். காந்தச் சோதனை கிரேடைச் சொல்லவே சொல்லாது. 304, 316, மலிவான 202 மூன்றுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவை. வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம், அதுவும் எந்தக் கிரேடு என்பதற்குச் சாட்சி அல்ல. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். 304இல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பு அரித்துக் குழி விழாமல் தடுப்பது அந்த மாலிப்டினம்தான். அது இருக்கிறதா என்று பார்க்க, சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் கொண்ட சின்னச் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. மாலிப்டினம் இருந்தால் சொட்டின் நிறம் மாறும். பழைய இரும்புக் கடைகள் சிலவற்றில் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருப்பார்கள், ஒரு துண்டைக் கொண்டுபோனால் சில நொடிகளில் சதவீதமே வந்துவிடும். இந்த வீட்டுக் குழாயில் மாலிப்டினம் சுத்தமாக இல்லை, நிக்கலும் 304க்கு வேண்டிய அளவைத் தொடவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளே, அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவப்படும் குளியலறைக்கு 304 போதும் என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகமாட்டோம். 304 என்று பில் போட்டு 304 விலை வாங்கட்டும். வெளிவாசல், மாடிப்படி, கடலைப் பார்த்த வராந்தா என்றால் 316க்குக் குறைந்து எதுவும் வேண்டாம். அதிலும் சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் கைப்பிடிதான் சீக்கிரம் கெடும். மழையில் நனைவது உப்பைக் கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில் உப்பு படிந்துகொண்டே போகிறது.

துரு வந்தபிறகு கேட்டதற்கு, "கடல் காத்துல இது சகஜம், வெறும் கறைதான், துடைச்சா போயிடும்" என்று பதில் வந்திருக்கிறது. பாதி உண்மையான பதில், அதனால்தான் ஆபத்து. 316இன் மேல்பரப்பில்கூடக் கடலோரத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு வரும், அது அழகைக் கெடுக்கும், பலத்தைக் கெடுக்காது. மூடிக்கு உள்ளே நடப்பது வேறு. உப்பு நீர் இடுக்கில் தேங்கி நிற்கும், காற்று போகாது, அங்கே அரிப்பு மெல்ல மெல்ல உள்நோக்கிப் போகும். அதற்கு மேல் இவர்கள் போட்டிருந்தது துத்தநாக முலாம் பூசிய சாதா இரும்புத் திருகு. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டோடு சின்ன முலாம் திருகை ஈரத்தில் சேர்த்துவைத்தால் திருகுதான் பலியாகும். அந்த முலாமின் தடிமன் சில மைக்ரான்கள்தான், முதல் மழைக்காலத்தைத் தாண்டினாலே அதிகம். திருகு ஏ4 வகையாக இருக்க வேண்டும். ஏ2 என்பது 304 குடும்பம், ஏ4 என்பது 316 குடும்பம். போல்ட்டின் தலையில் அந்த எழுத்து குத்தியிருக்கும், சிறிய திருகுகளுக்கு டப்பாவில் இருக்கும். பிரிக்காத டப்பாவை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

வெல்டிங் வைத்த கைப்பிடி என்றால் இணைப்பைச் சுற்றி நீலமும் கறுப்புமாக நிறம் இருக்கிறதா பாருங்கள். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு அதை எடுத்திருக்க வேண்டும். வெறுமனே பஃபிங் அடித்து மினுக்கியிருந்தால் துரு முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும். அதே பட்டறையில் சாதா இரும்பை அறுத்தபோது பறந்த தீப்பொறி படிந்திருந்தாலும் புள்ளிப் புள்ளியாகத் துரு வரும். தரமான 316ஐ இப்படிக் கெடுத்த வேலைகள் உண்டு, பழி மட்டும் கடல் காற்றின் மேல் விழும்.

வாசல் சாய்தளத்துக்கு வருவோம். தரைக்கும் வீட்டு மட்டத்துக்கும் 450 மிமீ வித்தியாசம். சக்கர நாற்காலிக்கு 1க்கு 12க்கு மேல் செங்குத்து கூடாது, அதாவது 450க்கு 5.4 மீட்டர் ஓட்டம் வேண்டும். இவர்கள் கட்டியது 3 மீட்டர். இடமில்லை என்பது சொன்ன காரணம். இடமில்லாவிட்டால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டு மடக்கித் திருப்ப வேண்டும், அதற்கும் வழியில்லாவிட்டால் சாய்தளம் ஒத்துவராது, செங்குத்தாக ஏறும் மேடை லிஃப்ட் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். 3 மீட்டரில் கட்டியதால் கீழே இறங்கும்போது நாற்காலியைப் பின்னாலிருந்து இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. சரிபார்க்க 600 மிமீ ரசமட்டம் ஒன்று போதும். சரிவின் மேல் நீளவாக்கில் வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தூக்கிய முனைக்குக் கீழே உள்ள இடைவெளி 50 மிமீக்குள் இருந்தால் சரி. இங்கே 90 இருந்தது.

அந்தச் சாய்தளத்தின் ஓரத்தில் இரண்டாம் வருடத்திலேயே கம்பி ஓடும் வரிசைக்கு நேராக விரிசல். உடைத்துப் பார்த்தால் கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடியிருந்தது 15 மிமீகூட இல்லை, கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லியை முட்டுக்கொடுத்திருந்தார்கள். உப்புக்காற்றில் குறைந்தது 50 மிமீ மூடல் வேண்டும். கலவைக்கு உவர்நீரையோ கழுவாத கடல் மணலையோ பயன்படுத்தினால் உப்பை உள்ளேயே வைத்துக் கட்டியது போல. கம்பி துருவானால் இரும்பாக இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கான்கிரீட் போட்டுவிட்டால் எதையும் பார்க்க முடியாது. ஆகவே கம்பி கட்டிய நிலையில், அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பாமல் கலவை ஊற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

குளியலறைத் தரையில் நடந்தது பச்சை ஏமாற்று என்று சொல்ல முடியாது, அரைகுறை அறிவு. வழுக்காத டைல் என்று ஆர்10 முத்திரையைக் காட்டியிருக்கிறார்கள். ஆர் எண்கள் காலணி போட்டு, எண்ணெய் ஊற்றிய தளத்தில் சோதித்து வருபவை. குளிக்கும்போது யாரும் பூட்ஸ் போடுவதில்லை. வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு இருக்கிறது. ஏ 12 டிகிரிச் சரிவு வரை, பி 18, சி 24. குளிக்கும் பகுதிக்கு பி அல்லது சி என்று கேட்டு வாங்குங்கள். தடுப்புப் படி இல்லாத குளியல் பகுதிக்கு வடிகாலை நோக்கி 1க்கு 50 சரிவு வேண்டும், ஒன்றரை மீட்டருக்கு 30 மிமீ இறக்கம். டைல் ஒட்டுவதற்கு முன், நீர்ப்புகாப் பூச்சு காய்ந்ததும், வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். இந்த வீட்டில் அதைச் செய்யவில்லை. பக்கத்து அறைச் சுவர் ஊறிப்போய், கதவு நிலையின் அடி உப்பியது.

படியேறும் நாற்காலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வைக்கும் மாடலை வராந்தாப் படியில் பொருத்தி, மேலே ஒரு ரெக்சின் உறை போட்டுவிட்டார்கள். வெளிப்புற மாடல் என்று தனியாக இருக்கிறது, வயர் முனைகளும் சர்க்யூட் போர்டும் ஈரம் புகாதபடி மூடப்பட்டிருக்கும். நாற்காலி நிற்கும் இடத்தில் சார்ஜ் ஏறும் பித்தளைத் தொடுமுனைகள் பச்சை பூத்தால் பேட்டரி நிரம்பாது, பாதிப் படியில் நின்றுவிடும். நின்றால் கையால் இறக்க வழி இருக்கிறதா என்பதை வாங்கும்போதே செய்துகாட்டச் சொல்லுங்கள். வெள்ளம் வரும் பகுதி என்றால் சார்ஜரை மேல்தளத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டில் 'எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி, 4 எண்ணம்' என்று ஒற்றை வரியில் இருந்தால் அது உங்களை எங்கும் காப்பாற்றாது. கிரேடு, குழாயின் விட்டம் (32 முதல் 38 மிமீ கைக்கு அடங்கும்), சுவருக்கும் குழாய்க்கும் 38 மிமீ இடைவெளி, திருகின் வகையும் நீளமும், ஆங்கரின் வகை, உலோக ஆலையின் சோதனைச் சான்றிதழ் எல்லாம் எழுத்தில் வேண்டும். சான்றிதழில் உள்ள ஹீட் நம்பர் (ஆலையில் உருக்கிய தொகுதியின் எண்) பொருளிலோ அதன் கட்டிலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் அது யாருடைய சான்றிதழோ. ஒப்படைக்கும் நாளில் ஒரு மூடியை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கழற்றச் சொல்லுங்கள், எதைக் கழற்றுவது என்பதை அவர்களிடம் விடாதீர்கள். பிறகு தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, திடகாத்திரமான ஒருவரை முழு எடையோடு தொங்கி இழுக்கச் சொல்லுங்கள். கோட்டை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது தோல்விதான், இறுக்கிச் சரிசெய்கிறேன் என்பதை ஏற்காதீர்கள். புதிய இடத்தில் புதிய துளை போட வேண்டும்.

ஏற்கெனவே போட்டு முடித்தவர்கள் இன்றைக்கே ஒரு மூடியைத் திறந்து பாருங்கள். பழுப்புத் தூள் இருந்தால், மாற்றும் வரை அந்தக் கைப்பிடியைக் கயிறு கட்டியோ துணி சுற்றியோ மறித்துவிடுங்கள். பழக்கத்தில் கை அங்கேதான் போகும். அதுவரை ரப்பர் அடிக்கால் வைத்த, நான்கு காலில் நிற்கும் குளியல் நாற்காலியைப் பயன்படுத்துங்கள். சுவரில் ஒட்டும் ரப்பர் கோப்பைக் கைப்பிடியை வாங்கி ஈடுகட்ட நினைக்காதீர்கள், அது உடல் எடைக்கு ஆனதல்ல. நல்ல நிலையில் இருந்தால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச்சிங், இரும்பு நார் மூன்றையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்று வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவையுங்கள்.