பருவுக்குன்னு பேர் இல்லாத வெள்ளை டப்பா கிரீம் குடுத்தா வாங்கிடாதீங்க

காலேஜ் படிக்கிறவங்க கொஞ்சம் முழுசா படிங்க, நீளமாதான் இருக்கும். "ஸ்கின் கிளினிக்"னு போர்டு மாட்டின ஒரு இடத்துல என்னை நல்லா ஏமாத்திட்டாங்க. பேர் போடல, ஏன்னா இதே வேலைய பண்ற இடம் அது ஒண்ணு மட்டும் இல்ல.

உள்ள போனதும் வெள்ளை கோட்டு போட்ட ஒரு அக்கா உக்கார வெச்சு பேசினாங்க, டாக்டர் இல்ல, கவுன்சலராம், அதுவே ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. கேமராவ கன்னத்துல வெச்சு ஸ்க்ரீன்ல பெருசா காட்டி "பாருங்க எவ்ளோ அழுக்கு, இப்படியே விட்டா குழி விழுந்துடும்"னு பயமுறுத்தி பேக்கேஜ் காச மொத்தமா கட்ட வெச்சுட்டாங்க. அழுக்காம்! 12லருந்து 24 வயசுக்குள்ள நூத்துல சுமார் 85 பேருக்கு பரு வருது, எண்ணெய் அதிகமா சுரந்து செத்த செல்லோட சேந்து துவாரத்த அடைச்சுக்குது, அங்க பாக்டீரியா பெருகி வீங்குது, அவ்ளோதான். மூஞ்சி கழுவாததால வர்ற வியாதி இல்ல இது.

அப்புறம் அந்த டப்பா. வெள்ளை டப்பா, லேபிள் கிடையாது, மூடி மேல ஸ்கெட்ச் பேனால "நைட்"னு எழுதியிருந்துச்சு. என்ன மருந்துன்னு கேட்டா "எங்க ஓன் ஃபார்முலா"ங்குறாங்க. போட ஆரம்பிச்ச ஒரு வாரத்துலயே செவப்பெல்லாம் அடங்கி மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சு, ஹாஸ்டல்ல எல்லாரும் என்ன கிரீம்னு கேக்குறாங்க. ஒரு நாள் போடலன்னா எரியும், செவக்கும், திரும்ப போட்டா அடங்கும். போகப்போக போட்டாலும் அடங்கல, நெத்தி கன்னம் எல்லாம் பொடிப்பொடியா கெளம்பிடுச்சு. போய் கேட்டா "உள்ள இருக்கறது வெளிய வருது, பர்ஜிங், நல்லதுதான்"னு சொல்லி இன்னொரு சிட்டிங்குக்கு காசு கேக்குறாங்க. ரெட்டினாய்டு (பருவுக்கு குடுக்குற வைட்டமின் ஏ வகை மருந்து) போட்டா ஆரம்பத்துல கொஞ்சம் பரு கூடுறது நெஜம்தான், அந்த பாதி உண்மைய வெச்சுதான் வாய அடைக்கிறாங்க.

கடைசியா ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். பருவெல்லாம் ஒரே சைஸ்ல இருக்கு, கன்னத்துல மெல்லிசா செவப்பு நரம்பு தெரியுது, பூனைமுடி வேற வளந்திருக்கு, பாத்ததுமே "ஸ்டெராய்டு கிரீம் போட்டீங்களா?"ன்னு கேட்டார். ஸ்டெராய்டு ரத்தக்குழாய சுருக்கி வீக்கத்த அமுக்கும், அதான் அந்த பளபளப்பு. உள்ளுக்குள்ள தோல் மெலிஞ்சுட்டே போகும், அதுவே புதுசா பருவும் கெளப்பும். ஏற்கனவே இந்த மாதிரி கிரீம் போட்டுட்டு இருக்கறவங்க இத படிச்சுட்டு நீங்களா எதுவும் மாத்தாதீங்க, நிறுத்தினா எரிச்சல் பயங்கரமா வரலாம், டாக்டர் சொல்ற மாதிரி நிறுத்துங்க.

இதவிட மோசம், அதே இடத்துல எங்க ஜூனியர் பொண்ணு ஒருத்திக்கு அட்டைய வெட்டி கேப்ஸ்யூல் குடுத்திருக்காங்க. வெட்டினதுல பேர் பாதிதான் இருந்துச்சு, பாத்தா ஐசோட்ரெட்டினாயின். கடுமையான பருவுக்கு ரொம்ப நல்லா வேலை செய்யுற மருந்துதான், ஆனா கர்ப்பமா இருக்கறப்ப சாப்பிட்டா குழந்தைக்கு பெரிய குறை வரும், லிவர், கொழுப்பு எல்லாம் பிளட் டெஸ்ட் பாத்துட்டுதான் குடுக்கணும். அவகிட்ட ஒரு கேள்வி கூட கேக்கல.

எனக்கு இப்ப தோல் ஆறினப்புறம் டாக்டர் எழுதினது ராத்திரி அடாபலீன் 0.1% (இதுவும் ரெட்டினாய்டுதான்) பட்டாணி அளவு மூஞ்சி முழுக்க, காலைல பென்சாயில் பெராக்சைடு 2.5%, கூட சன்ஸ்கிரீன். (பெராக்சைடு டவல் கலர உருவிடும், வெள்ளை டவல் வெச்சுக்கோங்க.) பலன் தெரிய 12 வாரம் ஆகும்னு மொதல்லயே சொல்லிட்டார், ஒரு வாரத்துல க்ளோன்னு யாரும் சொல்லல.

ரீஃபண்ட் கேட்டா "பேக்கேஜ் ஸ்டார்ட் ஆயிடுச்சு"ன்னு ஒரே பாட்டு. உங்ககிட்ட அந்த மாதிரி டப்பா இருந்தா தூக்கிப் போடாதீங்க, மூடியோட போட்டோ எடுத்து வெச்சுட்டு டப்பாவ அப்படியே தோல் டாக்டர்கிட்ட கொண்டு போங்க, பணம் கட்டின ரசீதையும் பத்திரமா வைங்க.