இலைக் கணக்கை ஒப்படைக்க கூகுள் ஷீட்ஸ் எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், விவசாயிகள் கொண்டுவந்து போடும் பச்சை இலையின் கணக்கு எழுத கூகுள் ஷீட்ஸ் நன்றாகவே பொருந்துகிறது. கட்டணம் கிடையாது, 15 ஜிபி வரை இடம் உண்டு, எடை போடும் இடத்திலேயே போனில் பதியலாம். ஆனால் கணக்கு எழுதுபவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, புதிதாக வருபவரிடம் அந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டுப் போகும்போது சில இடங்களில் காலை வாரிவிடும்.

முதல் சிக்கல் உரிமை. ஃபைல் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம். கம்ப்யூட்டரில் 'ஷேர்' திறந்து, புதியவரை எடிட்டராகச் சேர்த்து, அவர் பெயருக்கு எதிரே உள்ள பட்டியலில் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' கொடுக்க வேண்டும். அவர் தன் மெயிலில் ஒப்புக்கொள்ளும்வரை உரிமை மாறாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபோல்டரின் உரிமையை மாற்றினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் உரிமை கூடவே மாறாது, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சொந்த ஜிமெயிலிலிருந்து கம்பெனி டொமைன் கணக்குக்கு (கம்பெனியின் பெயரில் முடியும் மெயில்) இந்த வழி செல்லாது. நகல்தான் எடுக்க முடியும், நகலில் பழைய திருத்த வரலாறு வராது.

இரண்டாவது, இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE) என்ற ஃபார்முலா. தினசரி எடை ஒரு ஃபைலிலும் மாதப் பட்டுவாடா இன்னொன்றிலும் இருந்தால் இரண்டையும் இணைப்பது இதுதான். இணைக்க அனுமதி கொடுத்த ஆளை மூல ஃபைலிலிருந்து நீக்கிய உடனே இணைப்பு அறுந்து, பட்டுவாடா ஷீட்டில் தொகைக்குப் பதில் #REF! என்ற பிழை நிற்கும். ஆகவே பழையவரை நீக்கியதும் புதியவர் அந்த செல்லைத் தொட்டு 'அலவ் அக்சஸ்' கொடுத்துவிட வேண்டும். பட்டுவாடா நாள் வரை தள்ளிப்போட்டால் விவசாயிகள் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

அதைவிட மோசமானது ஃபார்முலாவின் மேல் கையால் அடித்த எண். மொத்த எடையில் சாக்கு எடையும் ஈர இலைக்கான தண்ணீர்க் கழிவும் போக நிகர எடை வர வேண்டிய செல்லில், அவசரத்துக்கு 412 என்று யாரோ அடித்திருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. 'வியூ', 'ஷோ', 'ஃபார்முலாஸ்' என்று போனால் எல்லாச் செல்லும் ஃபார்முலாவாகத் தெரியும், நடுவில் வெறும் எண்ணாக நிற்பதைப் பிடித்துவிடலாம். உரத்துக்கும் அட்வான்ஸுக்கும் பிடித்த தொகை உள்ள பத்தியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒப்படைப்பில் சண்டை வருவது பெரும்பாலும் அந்தப் பத்தியால்தான்.

ஷீட்ஸின் பெரிய பலம், வேலை இழந்தவருக்கு அது தரும் பாதுகாப்பு. கடைசி நாள் எடை முடிந்ததும் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் அன்றைய நிலைக்கு 'ஒப்படைப்பு' என்று தேதியோடு பெயர் வைக்கலாம். அதற்குப் பிறகு ஒரு செல்லில் யார் எண்ணை மாற்றி அடித்தாலும் அந்தச் செல்லின் திருத்த வரலாறு காட்டிவிடும். ஆனாலும் விவசாயிவாரி பாக்கிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, இருவரும் மேனேஜரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது அவசியம். மாத விலை பிறகுதான் முடிவாகும் என்பதால், மாத நடுவில் மாறுகிறவர்கள் ரூபாயை விட்டுவிட்டுக் கிலோவையும் அட்வான்ஸ் பாக்கியையும் மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

மழைக்காலத்தில் சிக்னல் போனாலும் ஆஃப்லைனில் எழுதலாம் என்பது மலையில் பெரிய வசதி. ஆபத்தும் அதில்தான்: ஆஃப்லைனில் பதிந்தது நெட் வரும்வரை அந்தக் கருவியிலேயே கிடக்கும். பழையவரின் போனை நெட்டில் இணைத்து எல்லாம் ஏறியதைப் பார்த்த பிறகே அவர் பெயரை நீக்க வேண்டும். புதியவர் தன் கருவியில் ஆஃப்லைனைத் தனியாக இயக்க வேண்டும், அதையும் நெட் இருக்கும்போதே.

காரணங்களை இந்த ஷீட் தானாகச் சொல்லாது. ஜனவரியில் இலை சேகரிக்கும் ஒரு மையத்தின் எடை சரிந்திருந்தால் அது உறைபனியில் இலை கருகியதா, பதிவு விட்டுப்போனதா என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? அந்தச் செல்லில் 'நோட்' போட்டு வைக்கலாம், அல்லது பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தி போதும்.

தொழிற்சாலைக்கென்று தனி ஜிமெயில் இருந்தால் அதன் மீட்பு எண் பழையவருடையதாக இருக்கும். முதலில் புதிய எண்ணைச் சேர்த்து, புதிய போனில் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய எண்ணை எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம், உள்ளே இருக்கும் ஃபைல்களும் அதோடு போகும்.