கார்புரேட்டர் ஜிப்சிக்கு கேஸ் கிட்: புதுச்சேரி வில்லியனூர் ரோட்டு ஒர்க்‌ஷாப் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடு பள்ளத்தில் ஓட்டுகிற பழைய கார்புரேட்டர் ஜீப்போ ஜிப்சியோ வைத்திருந்து, அதைக் கேஸிலும் (ஆட்டோ எல்பிஜி) ஓட வைக்கும் கிட் போட வேண்டும் என்றால் இந்த ஒர்க்‌ஷாப்புக்குத் தாராளமாகப் போகலாம். பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்க மட்டும்தான் கேஸுக்கு மாற்றுகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். வேலை சுத்தம், பேச்சு கொஞ்சம் கரடு, பேப்பர் வேலை என்றால் மட்டும் படு சோம்பல்.

என்னுடையது 1300 சிசி மாருதி ஜிப்சி கிங், இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்தைய வண்டி. கடலூர் கேப்பர் மலைப் பக்கம் முந்திரித் தோப்புக்குப் போய்வரத்தான் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மழைக்கும் செம்மண் ஓடை ஓடையாக அரித்து, போன வருஷப் பாதை இந்த வருஷம் இருக்காது. ஃபோர் வீல் லோ போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில், அதாவது பெட்ரோலைத் தேக்கி வைக்கும் சின்னக் கிண்ணத்தில், இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒன்று ஜெட்டுக்கு (பெட்ரோல் உள்ளே போகும் சின்னத் துளைக்கு) எட்டாமல் வண்டி திக்கும், இல்லை வழிந்துபோய் இன்ஜின் அடைத்து நிற்கும். பாதி ஏற்றத்தில் நின்ற வண்டியை ஒரு காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கடுப்பு புரியும்.

கேஸில் இந்தத் தொல்லை கிடையாது. டேங்கிலிருந்து திரவமாக வரும் கேஸ், இன்ஜின் கூலன்ட்டின் சூட்டில் ரெடியூசருக்குள்ளேயே (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் டப்பா) ஆவியாகி, கார்புரேட்டருக்கு மேலே மாட்டிய, கேஸைக் காற்றோடு கலக்கும் மிக்ஸர் வழியாக இன்ஜின் இழுக்கிற அளவுக்கு மட்டும் உள்ளே போகிறது. வழிவதற்குத் திரவம் இருந்தால்தானே! அமெரிக்காவில் பாறை ஏறுகிற ஜீப்காரர்கள் பல காலமாக புரொப்பேனுக்கு மாற்றி ஓட்டுவதற்கு முக்கியக் காரணமே இதுதான், அங்கே ஃபோர்க்லிஃப்ட் சிலிண்டரையே பின்னால் கட்டிக்கொண்டு போகிறார்கள். நம் ஊர் பங்கில் கிடைக்கும் ஆட்டோ எல்பிஜி சுத்த புரொப்பேன் அல்ல, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில்தான் ஆவியாகும், அதனால் கடுங்குளிரில் அது ஆகாது. கடலூர் வெயிலுக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

இனி ஒர்க்‌ஷாப். வெளியிலிருந்து பார்த்தால் ஆட்டோக்களாக நிற்கும், ஜீப் வேலை தெரியுமா என்று சந்தேகம் வரும். முதலாளி எடுத்த எடுப்பிலேயே, “சார், டேங்க்கை அடியில தொங்க விட்டுடலாம், பின்னாடி சாமான் வைக்க இடம் கிடைக்கும்” என்றார். தார் ரோட்டில் ஓடும் காருக்கு அது சரி. முந்திரி வேர்க்கட்டையும் கல்லும் அடியில் இடிக்கிற வண்டிக்குச் சரிப்படாது. நான் மறுப்பதற்கு முன்பே உள்ளே இருந்த மூத்த மெக்கானிக் அண்ணன் எழுந்து வந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, “அடியில வேணாம், பின் சீட்டுக்குப் பின்னால குறுக்கப் போட்டுடுங்க” என்று முடித்துவிட்டார். நான் இந்தக் கடைக்கு மார்க் போடுவது அவருக்காகத்தான். டேங்க் போல்ட்டுகளுக்குத் தகட்டின் அடியில் கனமான பிளேட் கொடுத்தார், டேங்க் வால்வு மேல் மூடிக்குள் கேஸ் கசிந்தால் வண்டிக்கு வெளியே போக குழாய் விட்டார், செம்புக் குழாயை சேஸிஸின் உள்பக்கமாகக் கொண்டுபோய் கிளிப் போட்டார். ரெடியூசரை ரேடியேட்டர் தலைமட்டத்துக்குக் கீழேயும், அதற்குள் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) வண்டியின் நீளவாக்கில் இருக்கும்படியும் மாட்டினார். மேலே போனால் கூலன்ட்டில் காற்று அடைத்து ரெடியூசர் உறைந்துபோகும், டயஃப்ரம் குறுக்கே இருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் ஐட்லிங் ஆடும். கேட்காமலேயே இதைச் செய்கிற ஆளை விட்டுவிடாதீர்கள்.

பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் புதிதாக மாற்றச் சொன்னார்கள். பில்லை ஏற்றுகிறார்களோ என்று தோன்றும், ஆனால் இது நியாயமான செலவு. மிக்ஸர் கிட்டில் ஸ்பார்க் எங்காவது சொதப்பினால் இன்டேக்கிலேயே வெடித்து ஏர் ஃபில்டர் டப்பா உடையும். பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்து, ஸ்பார்க் விழும் டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினார்கள். புரொப்பேனின் ஆக்டேன் எண் 100ஐத் தாண்டும் என்பதால் இன்ஜின் அதை நாக்கிங் (உள்ளே தட்டும் சத்தம்) இல்லாமல் தாங்குகிறது.

ஓட்டம் எப்படி? லோ கியரில் ஏற்றத்தில் அருமை, எந்தச் சாய்விலும் ஐட்லிங் அசையவில்லை. கடலூர்-புதுச்சேரி ரோட்டில் பஸ்ஸை ஓவர்டேக் பண்ணும்போது மட்டும் பவர் கொஞ்சம் குறைந்தது தெரிகிறது, கேஸ் ஆவியாகப் போய் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அது இருக்கத்தான் செய்யும். ஆயில் கறுக்காமல் இருக்கிறது, இது பெரிய சந்தோஷம். இன்ஜின் வால்வு உட்காரும் சீட்டுக்குத்தான் கேஸ் கொஞ்சம் வறட்சி, அதனால் வால்வு கிளியரன்ஸை (வால்வு இடைவெளியை) அடிக்கடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவுக் கணக்கு: ஒரு லிட்டர் பெட்ரோல் போகிற தூரத்துக்குக் கேஸ் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் வேண்டும். டேங்க்கும் 80 சதவீதம்தான் நிரம்பும், சூட்டில் திரவம் விரிய இடம் விட வேண்டுமே, 60 லிட்டர் டேங்க் என்றால் 48தான். எல்லா பங்கிலும் கிடைக்காது, ஆட்டோக்காரர்களோடு வரிசையில் நிற்கணும். மாதத்துக்குக் கொஞ்சமே ஓடும் தோப்பு வண்டிக்குக் கிட் போட்ட காசு திரும்பி வர வெகுகாலம் ஆகும். பெட்ரோலையும் அவ்வப்போது ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்புரேட்டர் கேஸ்கெட் காய்ந்துபோகும்.

இப்போது குறை. கிட் அப்ரூவல், டேங்க் சர்டிஃபிகேட் இரண்டையும் கையில் வாங்க அலைய விட்டார்கள். கேட்டால் “அனுப்பிடறோம் சார்” என்பார்கள், அடுத்த போன் வரைக்கும் எதுவும் நகராது. ஆர்.சி.யில் கேஸ் என்று ஏற்றாமல், இன்ஷூரன்ஸிலும் சொல்லாமல் ஓட்டினால் நாளைக்கு ஒன்று ஆனால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும். பேப்பர் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அந்த டேங்க்கை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ண வேண்டும் என்பதையும் பில்லில் தேதியோடு எழுதி வாங்குங்கள்.

நான் இருந்தபோதே ஒருவர் வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டுகிற மாதிரி ஹோஸ் மாட்டித் தரச் சொன்னார். சட்டப்படி குற்றம், அதில் மல்ட்டி வால்வும் (வண்டி டேங்க்கில் இருக்கும் பாதுகாப்பு வால்வு) கிடையாது, வேண்டாம் என்று அந்த அண்ணனே திருப்பி அனுப்பினார். டீசல் மஹிந்திரா கொண்டுவந்த இன்னொருவரையும் அப்படித்தான். ஸ்பார்க் பிளக்கே இல்லாத இன்ஜினில் கேஸ் தானாகப் பற்றாது, கம்ப்ரெஷனைக் குறைத்து இக்னிஷன் வைத்து இன்ஜினையே மாற்றிக் கட்டணும், அந்தக் காசுக்கு வேறு வண்டியே வாங்கிடலாம் என்றார். ஆகவே டீசல்காரர்கள் போன் போட வேண்டாம். பெட்ரோல்காரர்கள் போவதற்கு முன் அந்த மூத்த மெக்கானிக் அன்றைக்கு வருகிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அவர் லீவு என்றால் டேங்க் அடியில்தான் தொங்கும்.