விசா ஆலோசனைக் கடை: பதில் சரி, ரசீதுதான் இல்லை

புதுச்சேரி நேரு வீதியிலிருந்து பிரியும் சந்தில், மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

நான் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். பாகூர் பக்கம் ஏழு நாள் முகாம். எங்கள் வீட்டில் தங்கியிருந்த பிரெஞ்சுத் தோழி, தானும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவேன் என்று கிளம்பிவிட்டார். சுற்றுலா விசாவில் அது கூடுமா? கல்லூரியில் ஆளுக்கொரு பதில்.

கடைக்காரப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "தொண்டு செய்யலாம், ஆனால் அது ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது சார். கைம்மாறாக எதுவும் கொடுக்கவும் கூடாது." நான் மதிப்பூதியக் கவர் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன்! நீண்ட நாள் தொண்டென்றால் வேலைவாய்ப்பு விசா வேண்டுமாம்.

பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். தோழி வந்து மூன்று நாளாகியிருந்தது. என் மனைவியை விடக் கடுமையாகத் திட்டிவிட்டு, பெரியவரே உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தார்.

ஐந்நூறு என்று சொல்லி எண்ணூறு வாங்கினார்கள். ரசீது கேட்டதற்கு, "புத்தகம் தீர்ந்துவிட்டது" என்றார்கள். இருந்தாலும் அடுத்த முகாமுக்கு முன் அந்த மாடிப்படி ஏறுவேன், இந்த முறை விலையை எழுதி வாங்கிக்கொண்டு.