கோத்தகிரி மழையில் மூன்றே முக்கால் வருடம்: டாங்க் மேல் ஒட்டிய பிலிம் எப்படி இருக்கிறது?

2021 அக்டோபரில் வண்டி எடுத்த இரண்டாவது வாரமே கோயம்புத்தூர் கொண்டுபோய் பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற பிலிம், ஒட்டினேன். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக், கரும்பச்சை. இப்போது 43,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தேயிலை பாக்டரிக்குப் பச்சை இலை வாங்குவது என் வேலை. தினமும் கோத்தகிரி சுற்றுவட்டத்து ஹட்டிகளுக்கு (படுகர் கிராமங்களுக்கு) மண்ரோட்டில் போய்வர வேண்டும். வாரம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும்.

முன்னால் போகிற லாரி தெறிக்கும் கல்லுக்காகத்தான் இந்தப் பிலிம் என்று பலரும் நினைக்கிறார்கள். மலையில் பெயிண்டை அதிகம் தின்பது நம் ரெயின்கோட். முழங்கால் பக்கம் தெறித்த செம்மண் காய்ந்து அப்படியே உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். வளைவுக்கு வளைவு இரண்டு முட்டியாலும் டாங்கை இறுக்கிப் பிடித்துத்தான் திருப்புகிறோம். என் பழைய வண்டியில் மூன்றே மழைக்காலத்தில் டாங்கின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போனது. எத்தனை பாலிஷ் போட்டும் அது திரும்பவில்லை. ஜெர்கின் ஜிப் உரசி டாங்கின் பின்விளிம்பில் விழுந்த கோடுகள் தனிக்கணக்கு.

அந்த வண்டிக்கு ஒரு கடையில் 400 ரூபாய்க்கு கண்ணாடி மாதிரி ஒரு பிவிசி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். எட்டு மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. உரித்தால் நகத்தளவு துண்டு துண்டாகத்தான் வந்தது, பசை முழுக்க டாங்கிலேயே தங்கிவிட்டது. அதைத் துடைத்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. அதனால் இந்த முறை டிபியு பிலிம்தான் என்று முடிவு செய்தேன். இது பாலியூரித்தேன் வகை. ரப்பர் போல இழுபடும். என்னுடையது 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வண்டி பெயிண்டின் மொத்தக் கனத்தைவிட இது அதிகம். செராமிக் கோட்டிங்கோ சில மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கழுவவும் சுலபம், ஆனால் கல்லையும் உரசலையும் தாங்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

டாங்க், முன் மட்கார்டு, ஹெட்லைட் கூடு, இரண்டு பக்க மூடி, இவ்வளவுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் கொடுத்தேன். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, அதன்மேல் பிலிமை மிதக்கவிட்டு, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி ஒட்டுவார்கள். ஒட்டிய தம்பி கடைசியில் ஒன்று சொன்னார்: "அண்ணா, இன்னிக்கு மேல ஏறாதீங்க. ஒரு நாள் இங்கயே வெயில்ல நிக்கட்டும்ங்க, பசை பிடிக்கோணும்." எனக்கு மறுநாள் காலை இலை எடை போட வேண்டியிருந்தது. சாயங்காலமே கிளம்பிவிட்டேன். குஞ்சப்பனை தாண்டும்போதே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, அரவேணு வரை விடவில்லை. டாங்கின் முன்கீழ் ஓரத்தில் அரை அங்குலம் பிலிம் தூக்கிக்கொண்டது அன்றைக்குத்தான். அதற்குள் புகுந்த செம்மண்ணை எடுக்கவே முடியவில்லை; ஐந்தாறு மாதத்தில் அந்த ஓரத்தில் பாசி மாதிரி ஒரு பச்சைக்கோடு வந்தது. பிறகு அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. தம்பி சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். சமவெளியில் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்துவிடும் என்ற, பிலிமுக்கு அடியில் தங்கிய தண்ணீரின் பால்நிற மங்கல், எங்கள் குளிரில் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மலைக்காரர்கள் மார்ச், ஏப்ரலில் ஒட்டுவதே நல்லது.

கோடு விழுந்தால் தானாக மறையும் என்று விற்கிறார்களே, அது உண்மையா? உண்மைதான், ஆனால் சூடு வேண்டும். கோயம்புத்தூர் வெயிலில் நிறுத்தினாலே நடந்துவிடுவது, மூடுபனிக்குள் நிற்கும் வண்டிக்கு நடக்காது. நான் செய்வது இதுதான்: வண்டியைக் கழுவித் துடைத்தபின், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே தண்ணீர் வைத்து, சொம்பால் டாங்க் மேல் மெதுவாக ஊற்றுவேன். முட்டி உரசிய இடத்தில் சிலந்தி நூல் போலப் பின்னிக் கிடக்கும் மெல்லிய கோடுகள், ஆவி பறக்கும்போதே ஒவ்வொன்றாகக் கரைந்து போவது கண்ணுக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்க்கச் சலிக்கவில்லை. கொதிக்கும் தண்ணீர் மட்டும் வேண்டாம், ஓரம் சுருண்டுவிடும்.

எல்லாக் கோடும் மறையாது. கல்லார் மேலே ஒரு டீக்கடை வாசலில் குரங்கு ஒன்று டாங்கில் உட்கார்ந்து, விரட்டியதும் நகத்தை ஊன்றித் தாவியது. மூன்று கோடுகள். சுடுதண்ணீருக்கு இரண்டு போய்விட்டன. மூன்றாவது பிலிமின் மேல்பூச்சைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்ததால் இன்னும் இருக்கிறது. பிலிம் இல்லையென்றால் அது பெயிண்டில் விழுந்திருக்கும்.

பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், இது நம் ஊர்ப் பிரச்சினை. காலைக் குளிரில் கோத்தகிரியில் வாய்வரை நிரப்பிக்கொண்டு 33 கிலோமீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம் வெயிலில் நிறுத்தினால், உள்ளே பெட்ரோல் விரியும். 13 லிட்டர், 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட கால் லிட்டர் கூடுகிறது. அது மூடியோரமாகக் கசிந்து பிலிமின் விளிம்புக்குள் புகுந்தது. பசை இளகி, மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்துவிட்டது. இப்போது கழுத்துக்குக் கீழேயே நிறுத்தச் சொல்கிறேன். மூடியைச் சுற்றி ஒரு விரல்கடை இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

போன வருடம் முட்டிப் பக்கத்து இரண்டு துண்டுகளை மாற்றினேன். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, மேல்நோக்கி இழுக்காமல் டாங்கோடு படுக்கவைத்து மெல்ல இழுத்தால் முழுசாக வந்துவிடுகிறது. அடியில் ஷோரூமில் பார்த்த அதே கரும்பச்சை. கையால் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

மட்கார்டில்தான் அடி வாங்கினேன். ஒருமுறை விழுந்து நெளிந்ததால் பட்டறையில் தட்டி பெயிண்ட் அடித்திருந்தது. பத்தே நாளில் அதன்மேல் புது பிலிம் ஒட்டினேன். அப்புறம் ஒரு தேவைக்கு அதை உரித்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. கம்பெனி பெயிண்ட் சூட்டில் வேகவைத்தது, பிடித்துக்கொள்ளும். பட்டறை பெயிண்டாக இருந்தால் ஒரு மாதமாவது காயவிடுங்கள். அப்போதும் உரிக்கும்போது பயம் உண்டு.

மேட் கலர் வண்டிக்குப் பளபளப்பு பிலிம் ஒட்டினால் நிறமே மாறிவிடும், மேட் பிலிம் கேட்டு வாங்குங்கள். பறவை எச்சத்தை இரவு தாண்ட விடாதீர்கள். பிலிமிலும் கறை பிடிக்கும். ஓரங்களை வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும்.

கையில் பணம் குறைவென்றால் முட்டி படும் இரண்டு பக்கம், டாங்கின் பின்விளிம்பு, முன் மட்கார்டு, இந்த வரிசையில் செய்யுங்கள். பக்க மூடிக்கு நான் செலவழித்தது தேவையே இல்லை. அதைவிட, கேபிள் உரசும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்து ஒடித்து, கேபிள் ஹெட்லைட் கூட்டை அறுத்தே விடுகிறது. நான் ஒட்டிய துண்டு இப்போது நடுவில் தேய்ந்து மெலிந்திருக்கிறது. வருகிற மார்ச்சில் மட்கார்டோடு சேர்த்து அதையும் மாற்றப் போகிறேன். இந்த முறை இரவு கோயம்புத்தூரில் அக்கா வீட்டில்தான் தங்கல், சொல்லிவிட்டேன்.