காரைக்குடியில் வாங்கிய பழைய தேக்கு மேசை: பத்து வருடப் புழக்கத்துக்குப் பின்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற கதவு, பெட்டி, நாற்காலி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எங்கள் வீட்டு எழுது மேசையும் அங்கே வாங்கியதுதான். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, கால் ஆடவில்லை.

"தூக்கிப் பாருங்க சார், என்ன கனம்!" என்பார் கடைக்காரர். கனத்தை மட்டும் நம்பாதீர்கள். தேக்கு அப்படியொன்றும் கனமான மரம் இல்லை. ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையே 700க்கு மேல் வரும். பாலிஷையும் பார்க்காதீர்கள். அடர் பழுப்பு ஏற்றிவிட்டால் மாமரமும் தேக்குதான்; விரிசலை அடைக்க மக்குப் பசை வைத்திருந்தாலும் தெரியாது.

பாலிஷ் படாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும். டிராயரை முழுசாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் மேசையில் மூலைப் பலகைகள் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கின்றன. ஒவ்வொரு பல்லும் அகலத்தில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், கையால் அறுத்தது. ஆசாரி அளவுக்குக் கீறிய கோடுகூட அப்படியே இருக்கிறது. கால் சேரும் இடத்தில் இரும்பு ஆணித் தலை கிடையாது. துளைக்குள் முனையைச் செருகி மூங்கில் ஆணி அடித்திருக்கிறார்கள். மூலையில் வெறும் இரும்பு ஆணி மட்டும் இருந்தால் நான் வாங்காமல் அப்படியே வைத்துவிடுவேன்.

"நூறு வருஷத்துப் பீஸ்" என்று சொல்லும் பொருளில் ஸ்டார் ஸ்க்ரூ (தலையில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் உள்ளது) இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஸ்க்ரூ அமெரிக்காவிலேயே 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பிறகு மாட்டியதாகவும் இருக்கலாம், ஆனால் விலை குறையும்.

அப்புறம் உளு, மரத்தைத் துளைக்கிற பூச்சி. குண்டூசித் துளைகள் இருந்தாலே பயப்பட வேண்டாம். தட்டிப் பாருங்கள், மாவு மாதிரி புதுத்தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வைரம் பாய்ந்த தேக்கை அது சுலபத்தில் தொடாது, ஓரத்து வெள்ளைப் பகுதியில்தான் வேலையைக் காட்டும்.

புழக்கத்தில் ஒரே தொல்லை, ஐப்பசி கார்த்திகையில் டிராயர் இறுகும். மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் சரியாகிவிடும். காபி டம்ளர் வட்டங்களை உப்புத்தாள் போட்டு எடுத்து, மறுபடி பாலிஷ் போட்டாயிற்று. பக்கத்தில் இருந்த மரத்தூள் பலகை அலமாரி, தரை துடைக்கிற தண்ணீர் பட்டுப் பட்டே அடி உப்பி, எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

பிரம்பு கிழிந்த நாற்காலி என்றால் தாராளமாகப் பேரம் பேசுங்கள். சட்டம் ஆடாமல் இருந்தால் பின்னலை மாற்றிக்கொள்ளலாம். குஷன் வைத்த பழைய சோஃபாவை மட்டும் நான் வாங்குவதில்லை. உள்ளே மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று கடையில் நின்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.